சொம்பில் குடியிருந்த மகாலக்ஷ்மி

தொம்மலூர், பெங்களூர்
12.6.97

அன்புள்ள ராஜிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

உன் மாமியாரின் முட்டிவலி எப்படி இருக்கிறது? நாக்பூரில் வெயில் இறங்கியதா? இங்கே சாயங்காலமானால் மழை. உன் அத்திம்பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை.

இந்திராநகரில் தஞ்சாவூர் ஓவிய வகுப்புக்குப் போவதாக எழுதியிருந்தேன் அல்லவா, விட்டுவிட்டேன். அந்த அம்மாள் எல்லோருக்கும் ஒரே வெண்ணெய்க் கிருஷ்ணனின் அச்சுத்தாளைக் கொடுத்து, கார்பன் வைத்து இழுக்கச் சொல்கிறாள். வகுப்பில் இருந்த அத்தனை பேர் வீட்டுக் கூடத்திலும் ஒரே கிருஷ்ணன், ஒரே கன்னம். "நானே கையால வரையட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம் மாமி, கோடு தப்பித்துன்னா தங்க ரேக்கெல்லாம் தண்டம்" என்றாள். வீட்டுச் செலவைப் பைசா சுத்தமாக எழுதுகிற எனக்கே தண்டத்தைப் பற்றிச் சொல்லித் தருகிறாள்! வந்துவிட்டேன்.

இப்போது சாப்பாட்டு மேஜையில் பலகை போட்டு, துணி ஒட்டி, நானே மகாலக்ஷ்மி வரைகிறேன். ஒரு விஷயம் உன்னிடம் மட்டும் சொல்கிறேன். முப்பது வருஷமாக சஹஸ்ரநாமம் சொல்கிறேன். வாய் சொல்லிக்கொண்டிருக்கும், மனசு அடுப்பில் வைத்த பாலிடம் இருக்கும். நேற்று அம்பாளின் புருவத்தை இழுத்துக்கொண்டிருந்தபோது நிஜமாகவே பால் பொங்கி, மேடையெல்லாம் வழிந்து, தரைக்கும் வந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. இதைப் பக்தி என்று சொல்லலாமா, அஜாக்கிரதை என்று சொல்லலாமா?

முகம் வந்துவிட்டது. தாமரை பிடித்த மேல் கைகள் இரண்டும் வந்துவிட்டன. வரம் கொடுக்கிற இடது கையும் வந்தது. "பயப்படாதே" என்று உயர்த்திக் காட்டுகிற வலது கை மட்டும் வரமாட்டேன் என்கிறது. அழித்து அழித்து அந்த இடத்தில் துணி நைந்துபோயிற்று.

எல்லோருக்கும் என் அன்பு. பதில் போடு.

ஜெயா


நாக்பூர்
1.7.97

அக்காவுக்கு ராஜியின் நமஸ்காரம்.

மாமியார் நன்றாக நடக்கிறார். இங்கே மழை வந்து தெரு எல்லாம் சேறு. எனக்குப் பள்ளிக்கூடம் திறந்து தொண்டை கட்டிக்கொண்டது, வேறொன்றும் இல்லை.

பாலைப் பற்றிக் கேட்டாய். மேடையை யார் துடைத்தார்கள் என்று சொல்லு, அப்புறம் பக்தியா என்று பார்க்கலாம். அத்திம்பேர்தான் துடைத்திருப்பார்.

அக்கா, நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் நிருபமாவைப் பற்றி ஒரு வரி இல்லை. கோபித்துக்கொள்ளாதே, நான் எழுதியே ஆக வேண்டும். மாசியில் அவளும் சுனிலும் ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாலையும் கழுத்துமாக உன் வீட்டு வாசலுக்குத்தானே முதலில் வந்தார்கள்? அத்திம்பேர் "உள்ளே வாங்கோ" என்றாராம். நிரு உன் காலில் விழுந்து எழுந்தபோது நீ அங்கே இல்லையாம். சமையலறைக்குப் போய்விட்டாயாம். இதை அவள் எனக்கு எழுதியதில் குறை சொல்லும் தொனி கூட இல்லை. "அம்மாவுக்கு அடுப்பில் ஏதோ இருந்திருக்கும் சித்தி" என்று எழுதியிருக்கிறாள்.

இப்போது அவளுக்கு மூன்றாம் மாதம். ஜனவரிக் கடைசியில் குழந்தை. காலையில் எதுவும் தங்கவில்லையாம். தொம்மலூருக்கும் பொம்மனஹள்ளிக்கும் நடுவில் ஒரு பஸ் மாற வேண்டும், அவ்வளவுதான். உன் பெண் வாந்தி எடுக்கிற சேதி நாக்பூர் வந்து, இங்கிருந்து தபால் தலை ஒட்டி உனக்கு வருகிறது.

அத்திம்பேருக்கு என் நமஸ்காரம்.

ராஜி


தொம்மலூர்
20.8.97

அன்புள்ள ராஜிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

உன் தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும் வாயில் அடக்கிக்கொள். பதில் எழுத நாளாகிவிட்டது. நீ எழுதியதைப் படித்தேன்.

இங்கே ஒரு அசம்பாவிதம் நடந்துவிட்டது. இந்த வருஷம் வரலக்ஷ்மி நோன்பும் சுதந்திர தினமும் ஒரே நாளில் வந்தன. இவர் காலையில் காலனிக் கொடியேற்றத்துக்குப் போய், மிட்டாய் வாங்கிக்கொண்டு ஒரே உற்சாகமாகத் திரும்பி வந்தார். நான் கொழுக்கட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் மணி அடிக்கிற சத்தம். ஓடி வந்து பார்த்தால், கலசத்துக்குப் பின்னால் என் படத்தைத் தூக்கி நிறுத்தி, அதற்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டு மாமிகள் எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். நைவேத்தியமாகக் கொடியேற்ற மிட்டாய்!

"என்ன காரியம் பண்ணினேள்? படம் இன்னும் முடியலையே!"

"ஏன், முகம் வந்தாச்சு, கண்ணு வந்தாச்சு. அம்பாள் வந்து உட்கார அது போறாதா?"

"வலது கை எங்கே?"

அப்போதுதான் பார்த்தார். "அடடா, மாலை மறைச்சுடுத்து ஜெயா" என்றார்.

ராஜி, நீயே யோசித்துப் பார். பூஜையில் ஏறிவிட்ட படத்தை இனி மேஜையில் கிடத்தி, அழிரப்பரால் தேய்க்க எனக்குக் கை வருமா? விட்டுவைத்தால் ஒரு கை இல்லாத அம்பாள், பின்னமான உருவத்தைப் பூஜிக்கக் கூடாது. ஏரியில் போடலாம் என்றால் அந்த முகத்தை நான் எப்படித் தண்ணீரில் விடுவேன்? அப்படி ஒரு முகம் இனி எனக்கு வராது. அந்த முகத்தைப் பார்க்கும்போது மட்டும்தான் மனசு ஒரு இடத்தில் உட்காருகிறது. உங்கள் ஊரில் பூஜை பண்ணிவைக்கிற வாத்தியாரைக் கேட்டு உடனே எழுது.

ஜெயா


நாக்பூர்
4.9.97

அக்காவுக்கு நமஸ்காரம். இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம்.

கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோரும் சிரித்தோம், மன்னித்துவிடு. பிறகு சேஷகிரி வாத்தியாரிடம் போனேன். அவர் சிரிக்கவில்லை. "கோவில்ல திருப்பணி நடக்கறச்சே என்னம்மா பண்றா? மூலவரோட சக்தியைக் கும்பத்துல இறக்கி வெச்சுட்டு, வேலை முடிஞ்சப்புறம் திரும்ப ஏத்தறா. பாலாலயம்னு பேரு. உங்க அக்காவை ஒரு சொம்புல சுத்த ஜலம் ரொப்பி, மாவிலை வெச்சு, 'தாயே, கொஞ்ச நாள் இதுல இரு'ன்னு வேண்டிக்கச் சொல்லு. தினம் ஒரு பூ, ஒரு கிண்ணி பால். கையை வரைஞ்சு முடிச்சதும் அந்த ஜலத்தைப் படத்து மேல தெளிச்சுப் புரோக்ஷணம் பண்ணிட்டா ஆச்சு" என்றார். "ரொம்ப நாள் சொம்புல வெச்சுடப்படாது, அவளுக்கும் இடம் போறாது" என்றும் சொன்னார்.

ஆகவே தைரியமாக வேலையைப் பார்.

நிருவுக்கு வாந்தி நின்றுவிட்டது. இப்போது பசிதான். உன் புளிக்காய்ச்சல் மாதிரி செய்து பார்த்தாளாம், வரவில்லையாம். வெந்தயம் வறுத்துப் போடுவதா, வறுக்காமலா என்று என்னைக் கேட்கிறாள். எனக்கு எங்கே தெரியும்?

ராஜி


தொம்மலூர்
22.9.97

அன்புள்ள ராஜிக்கு ஆசீர்வாதம். உன் கடிதம் வந்த அன்றே குளித்துவிட்டுச் சொன்னபடி செய்தேன். அம்பாள் இப்போது பித்தளைச் சொம்பில் இருக்கிறாள். எனக்கு ஒரு நிம்மதி.

ஆனால் கை வரவில்லை. என் கையையே உயர்த்திக் கண்ணாடியில் பார்த்தேன். வரைகிற கையையே எப்படிப் பார்த்து வரைவது? இவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கையைத் தூக்கச் சொன்னேன். பத்து நிமிஷம் ஒழுங்காக இருந்தார். பிறகு, "ஜெயா, பேப்பர் படிச்சுண்டே தூக்கலாமா?" என்றார். முடித்துவிட்டுக் காட்டினேன்.

"இது அபய ஹஸ்தமா? ட்ராஃபிக் போலீஸ் கையைக் காட்டறா மாதிரின்னா இருக்கு! ஏர்போர்ட் ரோடு ஜங்ஷன்ல கொண்டு போய் வை, லாரியெல்லாம் டக்குனு நின்னுடும்."

பார்த்தால் நிஜமாகவே "நில்லு, கிட்டே வராதே" என்கிற கை. விரல், ரேகை, மருதாணி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அளவில் ஒரு குற்றம் இல்லை. வகுப்பு அச்சுத்தாளை எடுத்து அதிலிருந்து ஒரு கையை இழுத்துப் பார்த்தேன். அது இன்னும் மோசம், வேறு யாருடைய கையையோ கொண்டு வந்து ஒட்டவைத்தது போல இருந்தது. இரண்டையும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் துணியை மடித்துப் பின் குத்தி வைத்திருக்கிறேன்.

ஹோசூர் ரோடு, பொம்மனஹள்ளி பக்கம் குழாயில் தண்ணீர் வருவதில்லை, லாரித் தண்ணீர்தான் என்று பால்காரர் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சிகள் குடம் தூக்கக் கூடாது. பொதுவாகச் சொல்கிறேன்.

வெந்தயத்தை எண்ணெய் விடாமல் சிவக்க வறுத்துப் பொடி பண்ணி, இறக்குகிற நேரத்தில் தூவ வேண்டும். முன்னாலேயே போட்டால் கசக்கும்.

ஜெயா


நாக்பூர்
10.10.97

அக்காவுக்கு நமஸ்காரம். நவராத்திரி வேலைக்கு நடுவில் இரண்டே வரி.

குடம் தூக்குவது சுனில். காலையில் லாரி வந்ததும் வரிசையில் நின்று பிடித்து, மாடி ஏற்றிவிட்டுத்தான் பாக்டரிக்குப் போகிறானாம். வெந்தயம் சரியாக வந்ததாம். "பொதுவாகச் சொன்னவங்களுக்குப் பொதுவா தேங்க்ஸ் சொல்லிடுங்கோ சித்தி" என்று எழுதியிருக்கிறாள். உன் பெண்தான், சந்தேகமில்லை.

மார்கழிக்கு முன்னால் வளைகாப்பை முடித்துவிட வேண்டும் என்று அவள் மாமியார் டிசம்பர் ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை வைத்திருக்கிறாராம். நீ வருவாயா என்று நிரு கேட்கவில்லை. கேட்கவும் மாட்டாள். அதனால் நான் கேட்கிறேன்.

ராஜி


தொம்மலூர்
19.10.97

அன்புள்ள ராஜிக்கு ஆசீர்வாதம். கொலுவைப் பிரித்து, பொம்மைகளைப் பேப்பரில் சுற்றி வைத்தாயிற்று. சரஸ்வதி பூஜையும் அம்பாள் சொம்பிலேயே இருந்துதான் நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் "சொம்புல என்ன மாமி?" என்று கேட்டுக் கேட்டு என் வாய் வலித்துப்போயிற்று.

நேற்று வாசல் மணி அடித்தது. நான்தான் கதவைத் திறந்தேன். கையில் பழத்தட்டும் கண்ணாடி வளையலுமாக ஒரு அம்மாள். "நான் பாஞ்சாலிம்மா, சுனிலோட அம்மா. சம்மந்தி வீட்ல வந்து சொல்லாம விசேஷம் பண்றது மொறையில்ல பாருங்க, அதான் வந்தேன்" என்றாள். இவர் எழுந்து வந்து, "வாங்கோ, உட்காருங்கோ" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கூடத்தில் படத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, சாமிக்குக் கை ஒடஞ்சு போச்சா? கட்டு போட்டிருக்கீங்க?" என்றாள். இவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். "எங்க வூட்ல புத்தர் படம் ஒன்னு இருக்குதும்மா. நாங்க எல்லாம் அதத்தான் கும்புடறோம். உங்க பொண்ணு தெனம் அவருக்குப் பூ வெக்குது. வெச்சிட்டு உங்க சாமி பாட்டத்தான் பாடுது. அவரும் கேட்டுக்கினுதான் இருக்காரு" என்றாள்.

காபி கொடுத்தேன். அவள் போன பிறகு அந்த டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தேன். இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதே டம்ளரை எடுத்து, அதில் தன் காபியை ஊற்றிக்கொண்டு போய் வாசலில் உட்கார்ந்து குடித்தார்.

என்னால் எப்படிப் போக முடியும் ராஜி? சொம்பில் அம்பாள் இருக்கும்போது வீட்டைப் பூட்டிவிட்டு எங்கே போவது? தினம் பூ, பால், எல்லாம் இருக்கிறது. கை வரைந்து முடிக்கட்டும், பார்க்கலாம். அவளுக்குக் கால் வீக்கம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு எழுது.

ஜெயா


நாக்பூர்
5.11.97

அக்காவுக்கு நமஸ்காரம். தீபாவளி நல்லபடியாக ஆயிற்று. அத்திம்பேர் சௌக்கியமா?

கால் வீக்கம் இருக்கிறதா என்று நான் கேட்கப் போவதில்லை. இனி நான் தபால்காரி இல்லை அக்கா. அவள் சேதி வேண்டுமானால் அவளைக் கேள். முகவரியை இதோடு தனிச் சீட்டில் வைத்திருக்கிறேன்.

என் பள்ளிக்கூடத்தில் பாதிக் குழந்தைகள் பௌத்தர்கள். பத்து வருஷமாக அவர்களோடு டிபன் டப்பாவைப் பகிர்ந்து சாப்பிட்டு வருகிறேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நீ ஊருக்கு வந்தால் என் வீட்டில் தண்ணீர் குடிக்க யோசிப்பாயோ என்ற பயம்தான். பார், எனக்கும் உன்னிடம் பயம். பெற்ற பெண்ணுக்கு எவ்வளவு இருக்கும்?

அம்பாளைச் சொம்பில் உட்காரவைத்தது படத்தை முடிப்பதற்காகத்தான், நீ வீட்டைவிட்டு நகராமல் இருப்பதற்காக இல்லை. சேஷகிரி வாத்தியாரிடம் வேண்டுமானால் மறுபடி கேட்கட்டுமா?

கோபம் வந்தால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

ராஜி


தொம்மலூர்
1.12.97

நிருபமாவுக்கு அம்மா எழுதுவது. முதலில் ஆசீர்வாதம். மற்றதெல்லாம் அப்புறம்.

சௌக்கியமா? கால் வீங்கியிருக்கிறதா? வீங்கினால் உப்பைக் குறை, தலையணை வைத்துக் காலை உயரத் தூக்கிக்கொண்டு படு. இடது பக்கமாக ஒருக்களித்துப் படு.

உன் சித்தி கோபித்துக்கொண்டு உன் சேதியை எழுதுவதை நிறுத்திவிட்டாள். மூன்று வாரமாக நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை. இத்தனை மாதம் உன்னைப் பற்றித் தெரிந்துகொண்டே, தெரிந்துகொள்ளாதவள் மாதிரி இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

நான் ஒரு மகாலக்ஷ்மி வரைவதை அப்பா உனக்குப் போனில் சொல்லியிருப்பார். நான் குளிக்கப் போகிற நேரம் பார்த்து நீ போன் பண்ணுவதும், அவர் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதும் எனக்குத் தெரியும். அதனால்தான் நிதானமாகக் குளிக்கிறேன்.

அந்தப் படத்தில் வலது கை வரவே இல்லை. ஆறு மாதமாக எத்தனையோ கை வரைந்து பார்த்துவிட்டேன். எனக்குத் திறமை போதவில்லை என்றுதான் நினைத்தேன். போன வெள்ளிக்கிழமை மறுபடி உட்கார்ந்தேன். வரைந்து முடித்துப் பார்த்தால், விரல்கள் எல்லாம் மடங்கிக் கரண்டி பிடித்த கை. ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. பிறகு அடையாளம் தெரிந்தது. நீ மாலையோடு குனிந்தபோது என் கையில் கரண்டி இருந்தது. அதைக் கீழே வைக்க எனக்கு ஒரு நொடி போதும். நான் வைக்கவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை நிரு. அடுப்பே மூட்டவில்லை.

அம்பாளைப் பார்த்து வரைகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்துத்தான் வரைந்தேன், அது உண்மை. அந்தக் கையை மட்டும் நான் எனக்குள்ளேயிருந்து எடுக்க வேண்டியிருந்தது. எடுக்கப் போனால் அங்கே என்ன இருந்தது என்று பார்த்துவிட்டேன். முப்பது வருஷ பூஜையில் இதை ஒருநாளும் பார்த்ததில்லை. பூஜையில் நான் வரம் கேட்கிறவளாக மட்டும்தானே உட்கார்ந்திருந்தேன்.

என் மனசு முழுக்கச் சரியாகிவிட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். உன் மாமியார் வந்தபோது நான் நடந்துகொண்டது சரியில்லை. அடுத்த தடவையும் எனக்குள்ளே ஏதாவது முரண்டு பண்ணும். நீ பார்த்தால் முகத்துக்கு நேரே சொல்லு. சுனிலும் சொல்லட்டும். அந்தப் பையன் தினம் தண்ணீர் தூக்குகிறான் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவனுக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்கிறேன். அது அவனுக்குத் தெரிய வேண்டாம்.

கையை நான் இன்னும் வரையவில்லை. அம்பாளும் சொம்பில்தான் இருக்கிறாள். அவளுக்கு இடம் போதவில்லை என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் இப்போது வரைய உட்கார்ந்தால் மறுபடி பொய்க் கைதான் வரும். வெள்ளிக்கிழமை ஒரு நாள் அவள் வீட்டில் தனியாக இருக்கட்டும். காலையில் பூவும் பாலும் வைத்துவிட்டு, அப்பாவும் நானும் பஸ் ஏறி வருகிறோம். புளியோதரை கலந்து கொண்டுவருகிறேன். சமையலுக்கு வேறு என்ன வேண்டும் என்று பாஞ்சாலி அம்மாளைக் கேட்டு, இந்தத் தடவை நான் இருக்கும்போதே போன் பண்ணு.

ஒரே ஒரு விஷயம். நான் வாசலில் நுழைந்ததும் வழக்கம்போல நமஸ்காரம் பண்ண வராதே. உனக்குக் குனியக் கூடாத மாதம். நீ நிற்கிற இடத்திலேயே நில். நான் கிட்டே வருகிறேன்.

அம்மா